கோடியக்கரைக்கு வரும் விருந்தினர்



நான் காஞ்சியில் பிறந்தவன். சிறுவயதில் ஊர் ஏரிச் சேற்றில் கண்ணி வைத்து உள்ளான் பிடித்து, கறியாக்கி உண்டவர்களுள் நானும் ஒருவன். அது எத்தகைய குற்றம் என்பதை எனக்கு உணர்த்தியது கோடியக்கரை.

வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனை அது. 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பூகோளம் கற்பித்த காலத்தில் அம்முனையைப் படத்தில் மட்டுமே சுட்டிக் காட்டினேன். ஓய்வு பெற்றபின், ஓர் ஆவணிக் கடைசியில், விடியற்காலையில் அங்கே நின்றேன். சேற்றுப் பரப்பில் கொசு உள்ளான்கள் கூட்டமாக இறங்கி இரை தேடின. ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிராம். அவை வருவதோ சைபீரியாவின் துருவச் சமவெளியிலிருந்து! பெற்ற பறவைகள் முன்னரே புறப்பட்டுவிடும். அவ்வாண்டுக் குஞ்சுகள் அவற்றின் துணையின்றிப் பின்னர் வந்து சேரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்துள்ளனர்.

எங்கள் ஊர்ப் பட்டுப்புடவையில் உடலையும் கரையையும் இணைப்பது கோர்வை. அது தவறினால் புடவை இரண்டாகப் பிரிந்துவிடும். துருவ நிலத்தையும் நம் ஏரிச் சேற்றையும் இணைக்கும் கோர்வை இச்சிறு பறவைகளே. நான் அன்று அறுத்த இழைகளை இனி முடிய இயலாது. நீங்கள் அறுக்காதிருங்கள். வரும் ஆவணியில் ஒரு குறிப்பேட்டுடன் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். வந்திருக்கும் பறவைகளை எண்ணி எழுதி வையுங்கள்.