தெளிவு ரசம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் பண்ணி, "சாப்பாட்டுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா, உபயோகமா எதாவது சொல்லு" என்றார். நான் கிண்டி தொழிற்பேட்டையில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பம்பைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். "பசியில இருக்கிறவன்கிட்ட பம்பா?" என்றார். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறேன். நடுவில் பம்பு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் எரிபொருள் ஆய்வகத்தில் ரெட்வுட் விஸ்காமீட்டர் என்று ஒரு பித்தளைப் பாத்திரம் உண்டு. எண்ணெயை ஊற்றி, சுற்றிலும் உள்ள தண்ணீரைச் சூடாக்கி, அடியில் இருக்கும் துளையைத் திறந்தால் 50 மில்லி எண்ணெய் எத்தனை வினாடியில் இறங்குகிறது என்று ஸ்டாப் வாட்சை வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை வெப்பநிலைக்கு எத்தனை வினாடி என்று ஒரு அட்டவணை. நானும் என் கூட்டாளியும் இரண்டு அளவு எடுத்துவிட்டு, மீதியை சீனியரின் ரெகார்டு நோட்டிலிருந்து எழுதிக்கொண்டு கேண்டீனுக்குப் போய்விட்டோம். எண்ணெய் வேகமாக ஒழுகினால் என்ன, மெதுவாக ஒழுகினால் என்ன, வாழ்க்கையில் இது எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட ஆசிரியர் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா மன்னிக்கணும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் எங்கள் கல்யாண நாள். நாங்கள் இருப்பது ஆதம்பாக்கத்தில், என்.ஜி.ஓ. காலனிப் பக்கம். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கிண்டி கிராண்ட் சோழா ஓட்டல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நாங்கள் அதன் மதில் சுவரைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அதற்குள்ளே 'அவர்தனா' என்று ஒரு சாப்பாட்டு அறை 2017-இல் திறந்தார்கள். நம் தென்னிந்தியச் சாப்பாட்டையே வேறு உருவத்தில் தருகிறார்கள், ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2023-இல் இடம் பிடித்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு என் மனைவிக்கு ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கே "என்ன இருக்கு?" என்று கேட்க முடியாது. எத்தனை வகை என்றுதான் நாம் சொல்ல வேண்டும். ஏழிலிருந்து பதின்மூன்று வரை. அவர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். "ஏழு போதுங்க, ஏழடி எடுத்து வெச்சுத்தானே கல்யாணம் ஆச்சு" என்றாள் மனைவி. விலைப் பட்டியலைப் பார்த்த எனக்கும் அதே அபிப்பிராயம்தான். தட்டு பெரிசு, பண்டம் சிறிசு. நம் விடுதி மெஸ்ஸுக்கு நேர் எதிர்.

நான் சொல்ல வந்தது ரசம். பிரெஞ்சு காபி போடுகிற கண்ணாடிக் குடுவை ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்தார் பரிமாறுகிறவர். உள்ளே பச்சைக் கொத்துமல்லித் தழை, அது முங்கத் தெளிவான ஒரு திரவம். மேலே இருக்கிற சல்லடையை மெதுவாக அழுத்திவிட்டு, காலுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார். தக்காளி ரசம்! பார்வைக்கு நிறம் வெளுத்த டீ மாதிரி. வாயில் வைத்தால் புளிப்பு, உப்பு, மிளகுக் காரம், கொத்துமல்லி வாசனை எல்லாம் சரியாக இருக்கிறது. காய்ச்சி வடித்தது என்றார்கள். எனக்குள் இருந்த இன்ஜினீயர் விழித்துக்கொண்டான். காய்ச்சி வடித்தால் வாசனைதானே ஆவியாகி வரும், உப்பும் தக்காளியின் புளிப்பும் பாத்திரத்திலேயே தங்கிவிடுமே, அப்புறம் எப்படி? வேறு ஏதோ வடிகட்டும் வேலையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் விளக்க ஆரம்பித்தேன். "குடிங்க, ஆறிடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "ரசம் தெளிவா இருந்துதா?" எங்கள் அப்பா ரசப் பிரியர். சாதத்தில் விட்டது போக, தனியாக ஒரு டம்ளர் குடிப்பார். அதிலும் மண்டி கலக்கக் கூடாது, மேலாகத் தெளிவை மட்டும் இறுத்து ஊற்ற வேண்டும். "மண்டி வேணாம், தெளிவா ஊத்து" என்பது எங்கள் வீட்டில் தினசரி ஒலிக்கிற மந்திரம். தெளிவாகத்தான் இருந்தது, கண்ணாடி மாதிரி என்றேன். "அதுக்கு இவ்ளோ காசா? உங்கம்மா சும்மாவே ஊத்துறாளே" என்றார்.

எனக்கு மட்டும் ஆர்வம் விடவில்லை. படித்துப் பார்த்தேன். நிக்கோலஸ் குர்ட்டி என்று ஆக்ஸ்போர்டில் ஒரு இயற்பியல் பேராசிரியர், கடுங்குளிர் ஆராய்ச்சியில் பெரிய ஆள். 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 'சமையலறையில் ஒரு இயற்பியலாளர்' என்று ஒரு சொற்பொழிவு நடத்தி, மேடையிலேயே சமைத்துக் காட்டினார். அவரும் ஹெர்வே திஸ் என்கிற பிரெஞ்சு வேதியியலாளரும் 1988-இல் வைத்த பெயர்தான் 'மாலிக்யூலர் காஸ்ட்ரானமி'. உணவுக்குள் நடக்கிற இயற்பியலையும் வேதியியலையும் ஆராய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பெயினில் 'எல் புல்லி' என்ற உணவகத்தில் ஃபெரான் அட்ரியா, பழச்சாற்றை மீன்முட்டை மாதிரி உருண்டைகளாக்கி உலகத்தை வாய்பிளக்க வைத்தார். அந்த உணவகம் 2011-இல் மூடிவிட்டது. நம் கொல்கத்தாக்காரர் ககன் ஆனந்த் அங்கே பயிற்சி பெற்று, பாங்காக்கில் தன் உணவகத்தை ஆசியாவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார், 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு வருடம்.

இந்த மாயத்துக்கெல்லாம் மூலப்பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பாதி நம் ராமநாதபுரம் கடலில் கிடக்கிறது. நோன்பு திறக்கிறபோது இஸ்லாமிய நண்பர்கள் வீட்டில் கடல்பாசி சாப்பிட்டிருப்பீர்கள். கடையில் சைனா கிராஸ் என்பார்கள். அது அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிறார்கள். அதிலிருந்துதான் அகர். உருண்டை செய்கிற ஆல்ஜினேட்டும் இன்னொரு வகைப் பாசியிலிருந்துதான்.

நானும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அகர், ஆல்ஜினேட், சாந்தன் கோந்து எல்லாம் தபாலில் வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்தை உருண்டையாக்கப் பார்த்தேன். புளிப்பு அதிகமானால் ஆல்ஜினேட் சரியாகக் கரையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. "ஏண்டா, நல்ல ரசத்தை ஏன் இப்படிக் கொல்றே?" என்றாள் அம்மா. பொட்டலங்கள் பரணுக்குப் போயின.

2022-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டன. அதைவிட நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று, தொண்டை. பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்காவது ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். இதில் பெரும்பாலானவர்கள் தலைகீழாக நினைக்கிறோம். கெட்டியானது அடைக்கும், தண்ணீர் சுலபமாக இறங்கும் என்று. உண்மையில் ஆபத்து தண்ணீரில்தான். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு நொடிக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூடி தாமதமானால், வேகமாக ஓடுகிற தண்ணீர் முந்திக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடும். நிமோனியா வந்துவிடும். பம்புக்காரன் பாஷையில் சொன்னால், வால்வு மெதுவாக வேலை செய்கிறது. வால்வை உடனே சரிசெய்ய முடியாது. ஆகவே திரவத்தின் வேகத்தைக் குறை.

"தண்ணி, காபி, ரசம் மூணும் அப்படியே குடுக்கக் கூடாது. கெட்டியாக்கித்தான் குடுக்கணும்" என்று விழுங்கும் பயிற்சி கொடுக்கிற அந்தம்மா எழுதிக் கொடுத்தார். ரசம் என்று அவர் தனியாகச் சொன்னதைக் கேட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா தனக்குத் தெரிந்த வழியில் சோள மாவு கரைத்துக் காய்ச்சிச் சேர்த்தாள். முதல் நாலு ஸ்பூன் நன்றாக இறங்கியது. பாதிக் கிண்ணம் போனதும் இருமல், முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. மாவு சரியாகத்தானே இருந்தது? கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். ரசம் தண்ணீராக ஓடியது. அரை மணி யோசித்த பிறகுதான் பொறி தட்டியது. எச்சில்! எச்சிலில் இருக்கிற அமிலேஸ் மாவுச்சத்தைக் கரைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வாயில் போய் வந்த ஸ்பூன் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்துக்குள் எச்சிலைக் கொண்டுவந்து கெட்டியை உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் மருந்துக்கடையில் கெட்டியாக்கும் பொடி ஒரு டின் வாங்கினேன். என்ன கலந்திருக்கிறது என்று படித்தால் சாந்தன் கோந்து. பரணில் கிடக்கிற அதே பொட்டலம்! பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிற கோந்து அது. எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக் குழம்பில்கூடப் போடுவார்கள். எச்சில் அதை ஒன்றும் செய்யாது. பழைய பொட்டலம் காலாவதி ஆகியிருந்தது, தூக்கிப் போட்டேன். அளவை நான் இங்கே சொல்லமாட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், பயிற்சியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தயவுசெய்து என் பேச்சைக் கேட்டு யாரும் வீட்டில் தானாக ஆரம்பிக்காதீர்கள்.

எவ்வளவு கெட்டி என்று எப்படி அளப்பது? அந்தம்மா பையிலிருந்து ஒரு சாதாரண 10 மில்லி சிரிஞ்சை எடுத்தார். தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ரசத்தை ஊற்றினார். விரலை எடுத்தார். 10 வினாடி. மறுபடி அடைத்தார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். 1 முதல் 4 மில்லி வரை மிச்சமிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மிச்சமிருந்தால் மூன்றாம் நிலை. உலகம் முழுக்க இதே முறைதானாம். "புரியுதா சார்?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. துளையைத் திற, கடிகாரத்தைப் பார், எவ்வளவு இறங்கியது என்று எழுது. நான் காப்பியடித்த அதே பரிசோதனை! அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, காலை மாலை அளவு எடுத்து எழுதினேன். ஒரு நாள்கூடப் பொய்க் கணக்கு இல்லை.

பாதுகாப்பு வந்தது, ருசி போய்விட்டது. முதல் ஸ்பூனிலேயே அப்பா குழறலாக, "ரசமா... பசையா?" என்றார். கெட்டியானால் நாக்குக்கு ருசி மந்தமாகத்தான் தெரியும். இதைப் பார்த்து நிறையப் பேர் சாப்பாட்டையே வெறுத்துவிடுகிறார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் உடம்பு வற்றிவிடுகிறது. அப்பாவும் வாயை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தார். எடை இறங்கியது.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக் குடுவை ஞாபகம் வந்தது. தழை கடைசி நிமிஷத்தில்தானே சேர்ந்தது? நம்மிடம்தான் காபி ஃபில்டர் இருக்கிறதே! "ஃபில்டர்ல ரசமா? அப்புறம் காபில பெருங்காயம் மணக்கும்" என்று அம்மா கொடுக்க மறுத்துவிட்டாள். நியாயம்தான். ஆதம்பாக்கம் பாத்திரக்கடையில் தனியாக ஒன்று வாங்கினேன். மேல் பாத்திரத்தில் இடித்த மிளகு, சீரகம், கிள்ளிய கொத்துமல்லி. கொதிக்கிற ரசத்தை ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாகத் தெளிவு இறங்கும். கடுகு, கறிவேப்பிலை, மண்டி எல்லாம் மேலேயே நின்றுவிடும். அப்பாவுக்கு அந்தத் துணுக்குகளும் ஆபத்துதான். இறங்கின தெளிவில் கோந்தைக் கலந்து, சிரிஞ்சில் அளந்து, வாசனை போவதற்குள் கொடுக்க வேண்டும். நாலைந்து நாள் மிளகைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். ஆறாவது நாள் அப்பா கிண்ணத்தைக் காலிபண்ணிவிட்டு இடது கையால் இன்னும் என்று சைகை காட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிளகு நெடி" என்றாள்.

எட்டு மாதத்தில் மூன்றாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு வந்தார். ரசம் இப்போது ஓரளவு ரசம் மாதிரியே ஓடுகிறது. தண்ணீரும் காபியும் மட்டும் இன்னும் கெட்டியாக்கித்தான் தருகிறோம். காபி விஷயத்தில் அப்பாவை நான் இன்னும் ஜெயிக்கவில்லை. அதற்கு வழி தெரிந்த வேதிப்பொறியியல் நண்பர்கள் யாராவது இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பாருங்கள். சிரிஞ்சு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மெஸ் ரசம் எந்த நிலை என்று முதலில் அதையும் பார்த்துவிடலாம். எங்கள் காலத்தில் அது 10 வினாடி தாங்காது.