சந்தேகத்தின் பலன் யாருக்கு?

(பள்ளிபாளையத்தில் கல்லூரி மாணவர்களுக்கான சட்ட அறிமுக அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் வக்கீல் இல்லை. பேங்க் குமாஸ்தா. எப்பவாவது கவிதை எழுதுறவன். என்னை ஏன் சட்டம் பேசக் கூப்பிட்டாங்கன்னு நீங்க நினைக்கலாம். ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும்: கவுண்டர்ல பணம் கொடுத்தேன்னு ஆயிரம் சத்தியம் பண்ணினாலும் சலான் இல்லேன்னா கொடுத்ததா ஆகாது. குற்றவியல் சட்டத்தில் பாதி இந்தப் புத்திதான். மீதிப் பாதி, மனிதனை மனிதனாக நினைப்பது. அந்த மீதி நம்ம விஷயத்தில் அடிக்கடி காணாமப் போகுது.

புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கப் போறதில்ல. பள்ளிபாளையத்தில் உட்கார்ந்திருக்கோம். இங்கிருந்து நடந்து போற தூரத்தில்தான் தொட்டிபாளையம் ரயில் தண்டவாளம். 2015 ஜூன் 24 அன்று அங்கே கோகுல்ராஜின் உடல் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி, வயது 21. முந்தைய நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குக் கூடப் படித்த ஒரு பெண்ணோடு போயிருந்தார். பையன் தலித், பெண் ஆதிக்க சாதி. தற்கொலைக் கடிதம் ஒன்று இருந்தது. சாகப் போகிறேன் என்று அவரே பேசுகிற வீடியோவும் இருந்தது. மிரட்டி எழுதவைத்தது, மிரட்டிப் பேசவைத்தது என்பதெல்லாம் பின்னால் நிரூபணமானது. அன்றைக்கு யாராவது அந்தக் காகிதத்தை நம்பி உடலை எரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உடலைப் பார்த்த தாய் நம்பவில்லை. அதனால்தான் வழக்கு பிறந்தது.

முதல் பாடத்தை இங்கே வைக்கிறேன். குற்றம் என்றால் இரண்டு வேண்டும்: ஒரு செயல், அதன் பின்னால் ஒரு மனம். செயல் இல்லாமல் வெறும் நினைப்புக்குத் தண்டனை கிடையாது. மனம் இல்லாமல் கைதவறி நடந்ததும் திட்டம் போட்டுச் செய்ததும் ஒன்றாகாது. தற்கொலைக் கடிதத்தை முன்கூட்டியே தயார் செய்வது எந்த மாதிரி மனம் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

இது ரொம்பச் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இதே நாட்டில் வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. செயலும் வேண்டாம், மனமும் வேண்டாம், பிறப்பு போதும். குழந்தை தொட்டிலிலேயே குற்றவாளி. 1952இல்தான் நாடு முழுக்க ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்ததே தவிர, ராத்திரி நேரத்தில் ஸ்டேஷனில் 'எந்தத் தெருடா?' என்று கேட்கிற வாயிலிருந்து ஒழியவில்லை.

இரண்டாவது, நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி. நிரூபிக்கிற பாரம் அரசாங்கத்தின் தலையில். நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கணும். ஐயம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

பேச்சு தொடங்கும் முன்னாடி ஒரு தம்பி என்னிடம் கோபமாகக் கேட்டார்: 'கோகுல்ராஜ் கேஸ்ல அஞ்சு பேரை விட்டுட்டாங்களே அண்ணா, இந்தத் தத்துவம் யாருக்காக?' நியாயமான கோபம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 5 பேரை விடுவித்தது. 2023 ஜூன் 2 அன்று உயர்நீதிமன்றமும் அந்த விடுதலையில் கைவைக்கவில்லை. தண்டிக்கப்பட்ட பத்தில் இருவரின் ஆயுள் தண்டனையை 5 ஆண்டாகக் குறைத்தது.

தம்பிக்கு என் பதில் இது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் தலித். ஊரில் மோட்டார் திருடு போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? ஐயத்தின் பலன் என்கிற தத்துவம் நாளைக்கே செத்துப்போனால் முதலில் உள்ளே போகிறவன் நம்ம ஆள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிற விதி யாருடைய முதுகைக் காப்பாற்றுது? தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று அம்பேத்கர் தலைமையில் எழுதிய சாசனத்தில் 20ஆம் பிரிவு சொல்லுது. அது லாக்கப்பில் அடி வாங்குகிறவனுக்காக. ஆகவே இந்தத் தத்துவத்தை எதிரியின் சொத்தாக நினைச்சுத் திட்டாதீங்க.

திட்ட வேண்டியது வேறொன்று. 1968 டிசம்பர் 25, வெண்மணி. 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களையும் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா? தோழர்களே, இதற்குப் பெயர் நியாயமான ஐயம் கிடையாது. சாட்சியத்திலிருந்து எழுவது ஐயம். வேட்டியின் வெள்ளையிலிருந்து எழுவது மரியாதை.

சரி, திருச்செங்கோட்டுக்குத் திரும்புவோம். கொலையை நேரில் பார்த்ததாகச் சொல்ல ஆள் கிடையாது. கடைசிவரை கூட இருந்த முக்கிய சாட்சி அந்தப் பெண். நீதிமன்றத்தில் அவர் பிறழ்சாட்சி ஆனார். வீடியோவில் இருப்பது நானே இல்லை என்று உயர்நீதிமன்றம் வரைக்கும் மறுத்தார். நம்மில் பலர் அவரைத் திட்டுகிறோம். நான் திட்ட மாட்டேன். அந்த வீட்டில், அந்த ஊரில், அந்தச் சொந்தங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு உண்மை பேச என்ன பாதுகாப்பு இருந்தது? சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்தை உச்சநீதிமன்றம் ஏற்று நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னதே 2018 டிசம்பரில்தான்.

பிறகு எப்படித் தண்டனை வந்தது? சூழ்நிலைச் சாட்சியம். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கு அளவுகோல் வைத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக நிரூபணம் ஆகணும். எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக நிற்கணும். இவர்தான் செய்தார் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடம் இருக்கக் கூடாது. தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் நீங்க, உங்களுக்கு நான் விளக்கணுமா? பாவில் ஒரு இழை அறுந்தாலும் துணியில் காட்டிக்கொடுத்துடும்.

அந்தப் பாவில் முக்கியமான இழை கோயிலின் கண்காணிப்பு கேமரா. கோகுல்ராஜ் வந்தது, அந்தக் கும்பல் வந்தது, அவர்களோடு அவர் போனது. மின்னணுப் பதிவைச் சும்மா கொண்டுவந்து காட்டினால் கோர்ட் ஏற்காது. எதிலிருந்து எப்படி எடுத்தோம் என்று பொறுப்பானவர் சான்றிதழ் தரணும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65பி பிரிவு. எங்க பேங்க் லெட்ஜருக்கு 1891லேயே இப்படி ஒரு சட்டம் இருக்கு, சான்றளித்த நகல் போதும், பேரேட்டையே தூக்கிட்டுப் போக வேண்டியதில்லை. (என் வேலையில் பெருமைப்பட இந்த ஒண்ணுதான் இருக்கு.) மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் நேரிலேயே கோயிலுக்குப் போய் கேமரா இருக்கும் இடங்களைப் பார்த்தார்கள். வெண்மணித் தீர்ப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சட்டத்தின் அடிப்படைத் தத்துவங்கள் இரண்டு காலத்திலும் அதேதான். ஐயம் எங்கிருந்து வரணும் என்று பார்த்த கண்தான் வேறு.

இது தானாக நடக்கவில்லை. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று தாய் உயர்நீதிமன்றம் போனதால் 2019இல் வழக்கு மதுரைக்கு மாறியது. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா.மோகன் வாதாடினார். பாதிக்கப்பட்டவர்கள் தாங்கள் நம்புகிற வழக்கறிஞரைக் கேட்டுப் பெற வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இடம் உண்டு. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இன்னொரு நுணுக்கம். வன்கொடுமைச் சட்டத்தில் கொலை போன்ற பெருங்குற்றத்துக்கு, 'பட்டியல் சாதியார் என்ற காரணத்தால்' செய்ததாக நிரூபிக்கணும் என்று முன்பு இருந்தது. 2016 ஜனவரி 26 முதல் 'பட்டியல் சாதியார் என்று தெரிந்தே' செய்திருந்தால் போதும். கோகுல்ராஜ் கொலை 2015. ஆகவே பழைய, கடினமான வாசகத்தின்படியே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏன்? ஒரு செயல் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அதன்படிதான் குற்றத்தை அளக்க முடியும். இதுவும் அதே 20ஆம் பிரிவு. நமக்கு இடைஞ்சலாக வரும்போதும் அது சரியான விதிதான்.

இப்போ 2024 ஜூலை 1 முதல் மூன்று சட்டங்களுக்கும் பெயர் மாற்றிவிட்டார்கள். வாயில் நுழையாத பெயர்கள். கொலை 302 இப்போது 103. முதல் தகவல் அறிக்கை 154 இப்போது 173. 65பி இப்போது 63. எண்ணை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுங்க, எனக்கு அதில் அக்கறை இல்லை. கையில் என்ன வேணும்னு சொல்றேன்.

கைதுக்குரிய குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகணும், 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது. வாயால் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தரணும். 'சி.எஸ்.ஆர். வாங்கிட்டுப் போ' என்று சொன்னால் நகரக் கூடாது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட். வன்கொடுமைப் புகாரை வேண்டுமென்றே பதியாத, பட்டியல் சாதியார் அல்லாத அதிகாரிக்கு அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டுவரை சிறை இருக்கு. புகாரில் நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எழுதுங்க. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் 'கேவலமாகப் பேசினார்' என்று நாசூக்காக எழுதாதீங்க, அந்த வார்த்தையையே எழுதுங்க. கூச்சமாத்தான் இருக்கும். கேமரா இருக்கிற கடை எது, எத்தனை நாளில் பழைய பதிவு அழியும் என்று அன்றைக்கே கேளுங்க. அழியுமுன் எடுத்துவைக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்க, தேதியோடு ஒப்புதல் வாங்கிக்குங்க.

மேசையில் வெள்ளைத்தாள் இருக்கு. போன மாசம் உங்க தெருவில் நடந்த ஒன்றை எடுத்து ஆளுக்கொரு புகார் எழுதுங்க. தேநீர் வந்ததும் படிச்சுப் பார்க்கலாம்.