மொச்சையும் மாட்டுக்கறியும்: அளவு எழுதப்படாத ஒரு குழம்பு



மாட்டுக்கறி உண்ணும் உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதை எப்படிச் சமைக்கிறோம் என்று எழுதியது மிகக் குறைவு. 2017 மே 23 அன்று, இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள், மே 30 அன்று, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாள்களில் தெருவில் நின்றோம், நின்றது சரிதான். ஆனால் மேடைக்குக் கறி முழக்கமாக வந்தது. மசாலா அரைத்தவள் அடுப்படியிலேயே இருந்தாள்.

நம் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பேச்சே கூச்சம். காரணம் உண்டு. 1927இல் மகாடில், செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். ஆண்டை வீட்டுச் செத்த மாட்டை இழுக்கும் கட்டாயத்தோடு பிணைந்த கறி அது. அதே அம்பேத்கர்தான், தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில், தீண்டாமையின் வேரை மாட்டுக்கறி உண்பதோடு சேர்த்து ஆராய்ந்தார். காசு கொடுத்துக் கடையில் வாங்கும் கறியையும் அந்தப் பழைய கட்டாயத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, அடுப்புக்கு வருகிறேன். அரை கிலோ கறியை எட்டுப் பேருக்குப் பரிமாற வேண்டும். அதற்குத்தான் மொச்சை. காய்ந்த மொச்சை கால் கிலோவை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். எலும்போடு வாங்கிய கறியை மஞ்சளும் உப்பும் போட்டுத் தனியாக வேகவைக்க வேண்டும். கொழுப்புத் துண்டை முதலில் சட்டியில் உருக்கினால் எண்ணெய்ச் செலவு மிச்சம். பதினைந்து வற்றல் மிளகாய், மூன்று கரண்டி மல்லி, மிளகு, சீரகம், கொஞ்சம் சோம்பு, எல்லாவற்றையும் வறுத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். கறி பாதி வெந்ததும் மொச்சையும் மசாலாவும் உள்ளே போகும். புளியோ தக்காளியோ கடைசியில்தான். புளிப்பு முன்னால் விழுந்தால் மொச்சை வேகாமல் விறைத்து நிற்கும். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராத வேதியியல் இது. கறி கிடைக்காத நாளில் கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம் இரண்டு துண்டு போதும், மொச்சை முழுவதும் அந்த வாசம் ஏறிவிடும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்கும் இப்படி ஒரு குழம்பு இருக்கிறது. சில்லி கான் கார்னே என்பார்கள்: மாட்டுக்கறியும் மிளகாயும். (பயறு சேர்த்தால் டெக்சாஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மற்ற ஊர்களில் சேர்க்கிறார்கள்.) 1880களில் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் ஏழை மெக்சிகப் பெண்கள் இரவில் விளக்கேற்றி அதை விற்றார்கள். 1930களில் சுகாதார விதிகள் வந்து அந்தக் கடைகளை அப்புறப்படுத்தின. 1977இல் அதே குழம்பை மாநில உணவு என்று சட்டமன்றம் அறிவித்தது. பெண்களை விரட்டிவிட்டுச் சட்டிக்குக் கிரீடம் சூட்டினார்கள்.

நம் ஊரிலும் நடக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு பிரியாணித் திருவிழா அறிவித்தது. அந்த ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். பிரியாணி வேண்டும், அதில் ஒரு கறி மட்டும் வேண்டாம்!

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் நம் பெண்களுக்கு இந்த வேறுபாடு தினமும் தெரியும். குமுளி தாண்டினால் உணவகப் பலகையில் பீஃப் என்று பெரிதாக எழுதியிருக்கும், எந்தச் சாதிக்காரரும் உட்கார்ந்து சாப்பிடுவார். மலை இறங்கி வந்தால் அதே கறியைக் கறுப்புப் பையில் சுற்றி, "பெரிய கறி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ மிளகாயைக் கையால் அள்ளும்போது, அதைத் தராசில் வைத்து எடை போட்டு எழுதுங்கள். எந்தக் கடைக் கறி, எந்த மாதத்து மொச்சை, எவ்வளவு நேரம் வெந்தது என்று எழுதுங்கள். மேலே சமைத்தவருடைய பெயரைப் போடுங்கள், அவர் சம்மதித்தால் ஊரையும் தெருவையும் சேர்த்து. உப்புக்கண்டத்துக்கு உப்பு அளவு தெருவுக்குத் தெரு மாறும். அதையும் விடாமல் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.