பெயர் இழந்த கருவி ஊமை

(வீரபாண்டியில் ஆற்றிய உரை)

 

மண்ணினின்று கிடைத்த பழங்கருவி ஒன்றைக் கையிலேந்தி, 'இஃது எதற்கு?' என்று திகைத்து நிற்கும் நிலை உலகெங்கும் உண்டு. அவற்றுள் இரண்டை ஒப்பிட்டுக் காண்போம்.

1901ஆம் ஆண்டு, கிரேக்க நாட்டு அந்திக்கித்தெராத் தீவையடுத்த கடலினின்று, பல்லுருளிகள் பொருந்திய வெண்கலப் பொறியொன்றின் துண்டுகள் எடுக்கப்பெற்றன. எஞ்சிய பல்லுருளிகள் முப்பது. அப்பொறியின் மேலேயே எழுத்துகள் இருந்தன. 2005இல் ஊடுகதிர் கொண்டு உள்மறைந்த எழுத்துகளையும் படித்தனர். ஞாயிறு திங்களின் செலவையும் மறைப்புகளையும் கணிக்கும் பொறி அது எனத் தெளிந்தனர்.

மற்றொன்று, உரோமர் ஆட்சிக்காலத்துப் பன்னிருமுக வெண்கலக் கூடு. முகந்தோறும் ஒரு துளை; மூலைதோறும் ஒரு குமிழ். நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. விளக்குத்தண்டு என்பர் சிலர். நிலமளக்கும் கருவி என்பர் சிலர். வழிபாட்டுப் பொருள் என்பாரும் உளர். முடிவு இன்றுவரை இல்லை. ஏன்? அதன் பெயரையோ பயனையோ உரோமர் எவரும் எழுதி வைத்திலர். சொல்லோடு வந்த பொறி வாய் திறந்தது. சொல்லிழந்த பொருள் ஊமையாயிற்று.

நம் மண்ணுக்கு வருவோம். இவ்வீரபாண்டியைத் தழுவிச் செல்லும் முல்லையாறு வையையொடு கலக்கின்றது. அவ்வையைக் கரையில்தான் கீழடி. அங்கே நடுவில் துளையுடைய சுடுமண் வட்டுகள் பல கிடைத்தன. அவை நூல் நூற்கும் கதிரில் கோத்தவை என்று அகழ்ந்தோர் உணர்ந்தனர். நூற்கும் தொழில் நம்மிடை அறாது வந்ததன் பயன் அது. ஆயினும் அவற்றைத் 'தக்களி' என்றே இன்று எழுதுகின்றனர். கதிர் என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க, வடபுலச் சொல் எதற்கு?

நீர் வற்றிய பழைய ஏரிகளில், கரைக்குச் சற்று முன்னே இரு கற்றூண்கள் நிற்கும். இடையே துளையிட்ட குறுக்குக் கற்கள் இருக்கும். அறியாதார் ஊஞ்சற்கால் என்பர். தூக்குமரம் என்பாரும் உளர். அது குமிழித்தூம்பு! துளைவழி இறங்கிய கோலைத் தூக்கினால் அடைப்பு விலகும். நீர் கற்றொட்டியுள் புகுந்து, கரையடியில் ஓடி, வயலை அடையும். அடியிலுள்ள சேற்றுத்துளை வண்டலையும் உடன் வெளியேற்றும். திறந்த வாயில் நீர் குமிழியிடுதலின் குமிழி. பெயரே செயலைச் சொல்கிறதன்றோ!

தமிழ்க் கருவிப்பெயர்களின் இயல்பு அது. திரிவது திரிகை, இழைக்கும் உளி இழைப்புளி, துரந்து துளைப்பது துரப்பணம், நீரை ஏற்றுவது ஏற்றம். பெயர் தெரிந்தவனுக்குப் பயன் பாதி தெரிந்துவிடும்.

இப்பள்ளத்தாக்கின் பழங்கிணறுகளில் இன்றும் கமலைக்கற்கள் நிற்கின்றன. எருதுகள் சரிவில் இறங்க, வடம் சாலை மேலே இழுக்கும். சாலின் அடியிலுள்ள தோல்தும்பியை வால்கயிறு மடித்துப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் தும்பி நீண்டு, நீரைத் தொட்டியில் தானே கொட்டும். கவிழ்க்க ஓர் ஆள் வேண்டுவதில்லை. எத்துணை நுட்பம்! மின்பொறி வந்தது, கமலை போயிற்று. அதனை நாம் பழிக்கவில்லை. உழவனின் முதுகு நோவு குறைந்தது நன்றே. ஆனால் வடம், வால்கயிறு, தும்பி, சால் என்னும் சொற்களும் உடன் போகவேண்டுமா? கமலை ஓட்டிய கைகள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. அவர் நாவும் ஓய்ந்தபின், அக்கற்களைப் பார்த்து நம் பெயரர்கள் 'பலிக்கல்' என்பர். மறுப்பதற்கு யார் இருப்பார்?

இளைஞர்களே! பட்டறைக்கும் செக்கடிக்கும் உழவர் தொழுவத்திற்கும் சுவடியோடு செல்லுங்கள். கருவியின் பெயர், உறுப்புகளின் பெயர், அது செய்யும் வேலை, அவ்வேலைக்குரிய வினைச்சொல் ஆகிய நான்கையும் கேட்டு, சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். பக்கத்தில் படமும் வரையுங்கள். கருவியைக் காட்சியகம் காக்கும். சொல்லை நாம்தாம் காக்கவேண்டும். நாளை என்னாதீர், இன்றே தொடங்குக!

வாழ்க தமிழ்!