சிறுவர் இல்லத்தில் ஐந்து நாள்

(தோட்ட வாசிகசாலையில் ஆலய வாலிபர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மே மாதம் எமது வாலிபர் குழுவிலிருந்து 11 பேர் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய், 5 நாள் தங்கி வேலை செய்துவிட்டு வந்தோம். "அங்கே போய் என்னதான் செஞ்சீங்க?" என்று பீலியடியிலும் பிரட்டுக் களத்திலும் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதை விட எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நிற்கிறோம். இல்லத்தின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ சொல்ல மாட்டோம். கேட்கவும் வேண்டாம்.

நத்தாருக்குப் போகத்தான் எங்கள் எல்லோருக்கும் ஆசை. ஆனால் கடிதம் எழுதிக் கேட்டபோது இல்லப் பொறுப்பாளர் அம்மா வேறு மாதிரி பதில் போட்டார். டிசம்பரில் ஒரே நாளில் மூன்று கூட்டம் வருமாம். பிள்ளைகள் ஒரே வரவேற்புப் பாட்டை மூன்று தரம் பாடுவார்களாம். கேக் மிஞ்சுமாம். ஜனவரி பிறந்தால் கேட்டைத் திறக்க ஆள் இல்லை. "பெரிய மழைக்கு முன்னே கூரைப் பீலியைச் சரி செய்ய ஆள் அனுப்பினால் பெரிய உதவி" என்று எழுதியிருந்தார். அதனால்தான் மே மாதம்.

பையன்கள் துருப்பிடித்த பீலியைக் கழற்றி மாற்றினார்கள், அடைபட்ட கானை வெட்டி விட்டார்கள். பெண் பிள்ளைகள் கம்பளி துவைத்தார்கள். அந்த மலையில் வெயில் எங்கே? இரண்டு நாளாகியும் காயாமல் கடைசியில் அடுப்பைச் சுற்றிக் கட்டிக் காய வைத்தோம். கொப்பிகளுக்கு உறை போட்டோம், லீக்ஸ் பாத்தி கொத்தினோம். இரண்டு பின்னேரம் முழுக்கப் பேன் பார்த்தோம். சிரிக்காதீங்க, அதுதான் நாங்கள் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை. தலையைக் கொடுத்துக் கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை தானாகப் பேசும்.

பொறுப்பாளர் அம்மா முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். போட்டோ எடுக்கக் கூடாது. "அடுத்த கிழமை வாறேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. ஏனென்றால் பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருக்கும். சின்னஞ்சிறுசுகள் புதிதாக வருகிற யாருடைய கையையும் பிடித்துத் தொங்குகின்றன. வருகிறவர்கள் "எவ்வளவு பாசம்!" என்று கண் கலங்குகிறார்கள். அது பாசம் இல்லை, ஆட்கள் வந்து வந்து போவதால் வந்த பழக்கம் என்கிறார் அந்த அம்மா. 20 வருஷத்துக்கு மேல் பார்த்தவர் சொல்கிற சொல். ருமேனியா நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியும் இதையே காட்டியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பல வருஷம் கவனித்தார்கள். இரண்டு வயதுக்கு முன்னே குடும்பத்துக்குப் போன பிள்ளைகள்தான் மனிதர்களோடு ஒட்டுவதில் நன்றாகத் தேறினார்கள். சோறும் துணியும் இருந்தும் ஓர் ஆள் நிலையாக இல்லாவிட்டால் அந்தக் குறை குறைதான்.

இனித்தான் நாங்கள் சொல்ல வந்த காரியம். அங்கே இருப்பவர்கள் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று நினைக்கிறோம் அல்லவா? அங்கே மட்டுமில்லை, இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். தாய் குவைத்துக்குப் போயிருப்பாள், தகப்பன் குடியில் கிடப்பான், அல்லது இரண்டு பேரும் இருந்தும் வீட்டில் இல்லாமை. பேன் பார்க்கும்போது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது, "அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?" சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கேயிருந்து இங்கே பஸ் வருமா?" என்றது. வரும் என்றோம். அதற்கு மேல் அது ஒன்றும் பேசவில்லை.

இங்கே யாரையும் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. நாட்சம்பளத்தில் ஒரு காம்பராவில் குடும்பம் நடத்துவது என்னவென்று நமக்குத் தெரியாதா? பார்க்கப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு வேறு. ஆனாலும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இல்லத்தில் விடுவது பிள்ளையைக் கொடுத்துவிடுவது ஆகாது. 1941ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் பிள்ளை இன்னொருவர் பிள்ளை ஆக முடியாது. ஆகவே வாசிக்கத் தெரியாத எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காதீர்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 1980களில் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். அதில் பொய்ப் பத்திரங்களும் காசும் விளையாடியதை 2017இல் அரசாங்கத் தரப்பே ஒத்துக்கொண்டது. நெதர்லாந்து வைத்த விசாரணைக் குழுவும் 2021 பெப்ரவரியில் இலங்கை உட்பட ஐந்து நாடுகளைக் குறித்து அப்படியே அறிக்கை கொடுத்தது. வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது பெற்ற தாயைத் தேடிக்கொண்டு இங்கே வருகிறார்கள். பலருடைய பத்திரத்தில் இருக்கும் தாயின் பெயரே பொய்.

பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கட்டும். எந்த நன்னடத்தை உத்தியோகத்தர் பொறுப்பு என்று கேட்டு எழுதி வையுங்கள், நிலைமை சரியானால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவருவதைப் பற்றி அவரிடம்தான் பேச வேண்டும். பிள்ளைக்கு எங்கேயாவது தீங்கு நடக்கிறதென்றால் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி. போக முடியாத மாதம் இரண்டு வரி கடிதமாவது போடுங்க. எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். அங்கே கடிதம் வந்த பிள்ளை அதை மடித்து மடித்துக் கிழியும் வரை வைத்திருப்பதைக் கண்டோம்.

ஆகஸ்ட் விடுமுறையில் நாம் திரும்பவும் போகிறோம், கோழிக்கூடு கட்டுகிற வேலை இருக்கிறது. மேசன் வேலை, தையல் தெரிந்தவர்கள் எந்தச் சமயத்தவரானாலும் வரலாம். வேனில் மூன்று இடத்தை வெறுமனே வைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்து இல்லங்களில் பிள்ளையை விட்டிருக்கிற தாய் தகப்பனுக்கு அந்த இடம். காசு வேண்டாம், ஏன் விட்டீர்கள் என்று கேட்கவும் மாட்டோம். இல்லத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நீதிமன்றம் மூலம் சேர்த்த பிள்ளையென்றால் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் பேச வேண்டும். ஆகையால் ஜூலை நடுப்பகுதிக்குள் எங்களில் யாரிடமாவது தனியாக வந்து சொல்லுங்கள்.