வெள்ளிக் காசில் ஓர் ஆந்தை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இந்த மாசம் எத்தனை வெள்ளி சம்பளம்?" என்று கேட்கிறோம். கைக்கு வரும் நோட்டில் ஒரு குண்டுமணி வெள்ளியும் கிடையாது. ஆனால், வெள்ளியையே நிறுத்துக் காசாக அடித்த காலம் ஒன்று இருந்தது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரம் அடித்த காசைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான்கு திராக்மா மதிப்புள்ள அந்தக் காசின் எடை சுமார் 17 கிராம். வெள்ளித் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஒரு பக்கம் அதீனா தெய்வத்தின் முகம், மறுபக்கம் ஆந்தை! பிள்ளைகளே, சிரிக்காதீங்க. ஆந்தை அலறினால் நமக்கு அபசகுனம். அவர்களுக்கோ அது அறிவுத் தெய்வத்தின் பறவை. இன்றும் கிரீஸ் நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் அந்த ஆந்தையைப் பார்க்கலாம்.

கி.மு. 483-இல் லாவ்ரியோன் சுரங்கத்தில் ஏராளமாக வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்துத் திராக்மா பங்கு போடலாம் என்று பேச்சு வந்தது. பங்கு வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம் என்றார் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர். ஊர் கேட்டது. கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடிக்க அந்தக் கப்பல்களே பெருந்துணையாயின.

இதோடு முடித்தால் கை தட்டுவீர்கள். ஆனால், அந்த வெள்ளியை வெட்டி எடுத்தவர் யார்? அடிமைகள்! குறுகிய குகை வழிகளில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உழைத்தார்கள். நீக்கியாஸ் என்ற பணக்காரர் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபல். ஆறு ஒபல் சேர்ந்தால் ஒரு திராக்மா. அந்த வாடகையும் எஜமானுக்கே போனது. பங்கா, கப்பலா என்று உழைத்தவனை யாரும் கேட்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் உழைப்பின் வெள்ளி உங்கள் கைக்கே வருகிறது. போதவில்லைதான், எனக்கும் தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில்தான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அந்தக் காசை என்ன செய்வது என்று தீர்மானித்தவர் அவரே. நீங்களும் பிள்ளை படிப்புக்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வையுங்கள். அதுதான் நாம் கட்டும் கப்பல்.

மாணவர்களே, ஒவ்வொரு வெள்ளிக்குப் பின்னாலும் காய்த்துப்போன ஒரு கை இருக்கிறது. இன்று பரிசு வாங்கியதும் நேரே போய் அந்தக் கையில் கொடுங்கள்.