முன்பாரமும் பின்பாரமும்

1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கி வைக்கப்பெற்றது. சுரங்கத்திற்கு நிலம் தந்த ஊர்களுள் எங்கள் சிற்றூரும் ஒன்று. நாங்கள் குடிபெயர்ந்தது ஒரே மாட்டு வண்டியில்.

நெல் மூட்டைகளையும் ஆட்டுக்கல்லையும் தந்தையார் அச்சுக்கு நேர்மேலே ஏற்றினார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்ப, கழுத்துக் கயிறு குரல்வளையை இறுக்கும். பானைகளுக்கிடையே வைக்கோல்; பாயும் முறமும் உச்சியில். பாரம் அமர அமரக் கயிறு தளரும் என்று, ஒரு மைல் கடந்ததும் வண்டியை நிறுத்தி மீண்டும் முறுக்கிக் கட்டினார். இன்று லாரியில் வீடு மாற்றுவோர் பலர் இதைச் செய்வதில்லை.

கடைசியில் ஏற்றிய அம்மியை மட்டும் எவரும் கட்டவில்லை. ஓடை இறக்கத்தில் என்னை இறங்கி நடக்கச் சொன்னார் தந்தையார். காளைகள் மிரண்டு சட்டென நின்றன. வண்டி நின்றது, அம்மி நிற்கவில்லை. நான் அமர்ந்திருந்த இடத்திற்கே வழுக்கி வந்து மோதியது. நியூட்டன் சொன்ன நிலைமத்தைப் பின்னாளில் கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்த அம்மிதான் கண்முன் நின்றது.

புதிய மனையில் ஒரு பானைகூட உடையாமல் இறக்கினோம். அம்மியைத் தந்தையார் ஒன்றும் பேசாமல் தாமே இறக்கி வைத்தார்.